கண்டவனும் விளக்கியவனும்

வானத்தில் விளங்காத ஒன்றை ஒருவன் காண்கிறான். அதனை அதிகாரிகளுக்கு அறிவிக்கிறான். அவர்கள் விசாரித்து, “நீ கண்டது இன்னதே, அதில் விந்தை எதுவும் இல்லை” என்கின்றனர். அவ்விளக்கம் சரியானதாயின் அத்துடன் காரியம் முடிந்தது என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் விளக்கம் என்பது ஒரு பொருளைப் பற்றியது மட்டுமன்று. அது ஒரு மனிதனால் இன்னொரு மனிதனுக்குச் சொல்லப்படுவதும் ஆகும். சொன்னவன் எதனை அறிந்திருந்தான், அறிந்ததை அறிந்தவாறே சொன்னானா என்னும் வினாக்கள் அங்கே எழுகின்றன. இவை அறிவாராய்ச்சியியல் சார்ந்த வினாக்கள்; அதே வேளை ஒழுக்கவியல் சார்ந்தனவுமாம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் ஓரிடத்தை, ஐக்கிய அமெரிக்க விமானப்படை நடத்திய விசாரணை ஒன்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ‘பறக்கும் தட்டு’ என்றதும் புன்னகை புரியும் நண்பர்கள் சற்றுப் பொறுப்பார்களாக. வேற்றுக் கிரகவாசிகள் எவரும் இக்கட்டுரையில் வரப்போவதில்லை.

1948 ஜனவரி 7 ஆம் திகதி பிற்பகல், கென்ரக்கி மாநிலத்தின் சில ஊர்களிலிருந்து, வட்ட வடிவமான பெரும் பொருளொன்று வானில் தென்படுவதாகப் பொலிசாருக்குச் செய்திகள் வந்தன. சிறிது நேரத்தில் கொட்மன் விமானத் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களும் அதனைக் கண்டார்கள். தளத்தின் கட்டளை அதிகாரியும் வந்து பார்த்தார். பொருள் வெண்ணிறமாக இருந்தது. ஏறத்தாழ அசையாது நின்றது. ஒருவருக்கு அது பரசூட்டைப் போலத் தெரிந்தது. இன்னொருவருக்கு ஐஸ்கிறீம் கூம்பைப் போலத் தெரிந்தது. அவ்வேளையில் ஜோர்ஜியாவிலிருந்து லூயிவில் நோக்கி நான்கு மஸ்ராங் போர் விமானங்கள் அவ்வழியே வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குத் தலைமை தாங்கியவர் கப்டன் தோமஸ் மன்ரெல். வயது 25. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய வான்பரப்பிற் பணியாற்றிப் பதக்கம் பெற்றவர். அப்பொருள் யாதென நெருங்கிப் பார்க்குமாறு கோபுரத்தினர் அவரைக் கேட்டுக்கொண்டனர்.

எரிபொருள் குறைந்திருந்தமையால் ஒரு விமானம் தன் வழியே சென்றது. ஏனைய மூன்றும் மேலேறின. அவ்வுயரத்துக்கு வேண்டிய ஒட்சிசன் வசதி அவ்விமானங்களில் இருக்கவில்லை. ஒருவரிடம் மட்டுமே முகமூடி இருந்தது. அதிலும் ஒட்சிசன் போதாது. ஏறத்தாழ 22,000 அடியில் மற்ற இருவரும் திரும்பினர். மன்ரெல் தனியாக மேலே சென்றார். தமக்கு மேலே உள்ள பொருள் உலோகத்தாலானது போலத் தோன்றுகிறது என்றும், மிகப் பெரியது என்றும் அவர் வானொலியிற் கூறியதாகப் பின்னர் எழுதப்பட்டது. பிற்பகல் மூன்றேகால் மணியளவிற்குப் பின்னர் அவர் குரல் கேட்கவில்லை. பிராங்ளின் என்னும் ஊரின் அருகே, ஒரு பண்ணை நிலத்தில் அவர் விமானம் வீழ்ந்து சிதறியது. அவர் பிறந்ததும் அதே பிராங்ளினிலேயே.

அவர் எவ்வாறு இறந்தார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஒட்சிசன் குறைவால் நினைவிழந்தார். செலுத்துவோன் இல்லாத விமானம் கீழே பாய்ந்தது. ஆனால் அவர் துரத்தியது எதனை? இவ்வினாவே நாட்டை உலுக்கியது. 1947 யூன் 24 ஆம் திகதி கெனத் ஆணல்ட் என்னும் விமானி வாஷிங்ரன் மாநிலத்து மலைகளின் மேலே ஒன்பது பொருள்கள் விரைந்து செல்லக் கண்டதாகக் கூறியிருந்தார். அதிலிருந்தே ‘பறக்கும் தட்டு’ என்ற தொடர் பத்திரிகைகளிற் பரவியது. ஏழு மாதங்கள் கூட நிறையாத நிலையில், தட்டைத் துரத்திய விமானி ஒருவர் இறந்தார் என்ற செய்தி வந்தால் மக்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? விமானப்படை விரைவாக ஒரு விடை கூறவேண்டியிருந்தது. கூறப்பட்ட விடை: மன்ரெல் துரத்தியது வெள்ளிக் கிரகம்.

வெள்ளி அன்று பிற்பகல் அத்திசையிலேதான் இருந்தது. ஆயினும் பட்டப்பகலில் வெள்ளி ஒரு சிறு புள்ளி. எங்கே பார்ப்பது என்று துல்லியமாக அறிந்தவன், தெளிந்த வானத்தில் மட்டுமே அதனைக் காணக்கூடும். ‘பெரிய பொருள்’, ‘கூம்பு போன்றது’ என்று பலர் கூறியதற்கும் அப்புள்ளிக்கும் தொடர்பு காண்பது அரிது. 1952 இல் இவ்வழக்கை மீண்டும் ஆராய்ந்தவர் கப்டன் எட்வேட் றப்பெல்ற். வானியல் ஆலோசகரான பேராசிரியர் அலன் ஹைனெக்கைக் கேட்டபோது, அன்று வெள்ளி அத்துணை ஒளியுடன் தோன்றியிருக்க முடியாது என்பது தெரியவந்தது. பின்னர் றப்பெல்ற் வேறொரு விடையை அடைந்தார். அதுவே ‘ஸ்கைஹூக்’ பலூன்.

இந்தப் பலூனைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம் 1947 இலேயே இவற்றைப் பறக்கவிடத் தொடங்கியிருந்தது. மெல்லிய பொலித்தீன் தாளாற் செய்து, ஈலியம் நிரப்பி, அண்டக் கதிர்களை அளக்கும் கருவிகளைத் தொங்கவிட்டு அனுப்புவார்கள். முற்றாக விரிந்த நிலையில் அதன் குறுக்களவு நூறடி வரை இருக்கும். 60,000 அடிக்கும் மேலே சென்று காற்றோடு மெல்ல மிதக்கும். மேலே அகன்று கீழே கூம்பும் வடிவம். வெயில் பட்டால் உலோகம் போல மின்னும். அவ்வளவு உயரத்தில் இருப்பதால் நிலத்திலிருப்பவனுக்கு அது நிற்பது போலவே தோன்றும். விமானத்திலிருந்து துரத்துபவனுக்கு எவ்வளவு ஏறினாலும் எட்டாது. பரசூட்டு என்றவனும் ஐஸ்கிறீம் கூம்பு என்றவனும் எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதை இப்போது உணரலாம். அன்று அவ்விடத்தில் இன்ன பலூன் பறந்தது என்பதற்கு முடிவான பதிவை றப்பெல்ற் கண்டெடுக்கவில்லை. எனினும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் இன்றுவரை எவராலும் தரப்படவில்லை என்றே நான் எண்ணுகின்றேன்.

ஆக, விடை சாதாரணமானது. ஆனால் முதலிற் சொன்ன விடையும் சாதாரணமானதே. வெள்ளியும் சாதாரணம், பலூனும் சாதாரணம். ஒன்று பொய், மற்றது, நாம் அறிந்த அளவில், மெய். பகுத்தறிவாளர் என்று நம்மைக் கருதிக்கொள்ளும் நாம் அடிக்கடி வழுக்கும் இடம் இதுவே. விந்தையான விளக்கத்தை மறுத்து ஓர் எளிய விளக்கத்தைச் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். சாதாரணமானது என்ற காரணத்தால் மட்டும் ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது. சான்றுக்குப் பொருந்தாத வெள்ளி, சான்றுக்குப் பொருந்தாத பறக்கும் தட்டைவிட எவ்வகையிலும் உயர்ந்ததன்று. இரண்டிலும் சான்று பின்தள்ளப்பட்டு, முன்பே விரும்பிய முடிவு முன்னிறுத்தப்படுகின்றது. தட்டை நம்பியவன் வியப்பை விரும்பினான். வெள்ளி என்றவன் அமைதியை விரும்பினான்.

நமது தத்துவ மரபிலே அளவை பற்றிய ஆராய்ச்சி இவ்விடத்துப் பெரிதும் உதவுகின்றது. சிவஞான சித்தியார் அளவைகளை முதலிலேயே ஆராய்ந்து, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்கின்றது. காட்சியிலும் ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்னும் குற்றமுடையவற்றை வேறாகப் பிரிக்கின்றது. கயிற்றைப் பாம்பாகக் காண்பது திரிவு. மன்ரெல் கண்டது திரிவுக்காட்சியா? பலரும் அப்படித்தான் பேசுகின்றனர்: “பாவம், பலூனைத் தட்டு என்று எண்ணி உயிரை விட்டான்.” ஆனால் அவர் அதனைத் தட்டு என்று சொன்னதாக நாம் அறியோம். மேலே ஒரு பொருள் இருக்கிறது, அது பெரியது, உலோகம் போல மின்னுகிறது என்பனவே அவர் வாய்மொழியாகக் கூறப்படுபவை. மேலே ஒரு பொருள் இருந்தது; அது பெரியதே; மின்னியதும் உண்மையே. ‘உலோகம் போல’ என்றார், ‘உலோகம்’ என்று அறுதியிட்டாரா என்பதுகூடத் தெளிவில்லை. அவரது காட்சியிற் குற்றமில்லை. வானத்தில் அளவுகோல் இல்லை. பக்கத்தில் மரமோ கோபுரமோ இல்லாதபோது பருமனையும் தூரத்தையும் ஒன்றாலொன்று அளந்தறிய இயலாது. எட்டிவிடலாம் என்று அவர் கருதியிருந்தால், அந்தக் கருதலே பிழைத்தது. அப்பிழைக்கும் காரணம் உண்டு: இத்தகைய பலூன் ஒன்று உலகில் உண்டு என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

இனி, மூன்றாம் அளவையாகிய உரை. நியாய மரபில் இது ஆப்தனின் வாக்கு எனப்படும். ஆப்தன் என்பவன் யார்? நியாய சூத்திரத்துக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர் இதற்கு இரண்டு தகுதிகளை வேண்டுகின்றார். பொருளை உள்ளவாறு அறிந்திருத்தல் ஒன்று. அறிந்தவாறே பிறர்க்கு உரைக்கும் விருப்பம் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே உடையவன் முனிவனாயினும் சாதாரண மனிதனாயினும் அவன் சொல் அளவையாகும். இக்கருத்தை விரிவுரை மண்டபத்திற் கேட்டபோது எனக்கு அது ஒரு சம்பிரதாயமான வரைவிலக்கணமாகவே பட்டது. மன்ரெல் வழக்கைப் படித்தபின்னரே அதன் கூர்மை புலனாயிற்று.

1948 இலே நிகழ்ந்தது என்ன? கடற்படையின் அலுவலகம் ஒன்று பலூன்களைப் பற்றி அறிந்திருந்தது. ஆனால் அத்திட்டம் இரகசியமாதலின் அது பேசவில்லை. விமானப்படையின் விசாரணையாளர் பேசினர். ஆனால் அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஒரே அரசின் இரு அலுவலகங்கள். ஆப்தனுக்குரிய இரு தகுதிகளும் அவ்வரசிடம் இருந்தன. ஒன்று ஒரு கட்டடத்திலும் மற்றது இன்னொரு கட்டடத்திலுமாக! அறிந்தவனிடம் சொல்லும் விருப்பம் இல்லை. சொன்னவனிடம் அறிவு இல்லை. மக்களோ ‘அரசு சொல்கிறது’ என்று அதனை ஒரே குரலாகக் கேட்டனர். வாத்ஸ்யாயனர் தனிமனிதனை மனத்திற்கொண்டு வகுத்த வரைவிலக்கணம் நிறுவனத்தின்மீது பொருத்தப்படும்போது இவ்வாறு பிளவுபடும் என்பதை அவர் எண்ணியிருக்க நியாயமில்லை. ஆனால் நம் காலத்தில் நாம் நம்பியாக வேண்டிய வாக்குகளிற் பெரும்பாலானவை நிறுவனங்களின் வாக்குகளே.

இங்கே பொய் சொன்னவர் யார் என்று தேடினால் எவரும் அகப்படமாட்டார். கடற்படை மௌனம் காத்தது. மௌனம் பொய்யன்று என்பதை எந்நிலையிலும் பொய்யுரைத்தலாகாது என்ற கான்ற் கூட ஒப்புக்கொள்வார். விசாரணையாளர் தாம் உண்மையெனக் கருதியதையோ, கருத விரும்பியதையோ கூறினர். எவரும் பொய் சொல்லாமலே ஒரு பொய் பிறந்து நாடெங்கும் உலாவியது. கடற்படையைக் கொலைக்குற்றவாளி ஆக்குவது என் கருத்தன்று. ஒட்சிசன் இன்றி அவ்வுயரத்துக்கு ஏறியது மன்ரெலின் சொந்த முடிவு. அனுபவமுள்ள விமானி செய்திருக்கக்கூடாத பிழை. எனினும் விசாரணையாளர்களை நான் முற்றாக விடுவிக்கமாட்டேன். அவர்கள் முன்னே மூன்றாவது வழி ஒன்று திறந்தே இருந்தது: “அது யாதென எமக்குத் தெரியவில்லை” என்று சொல்லியிருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு எந்த இரகசியமும் தடையன்று. கோப்பை மூடிவிடும் அவசரமே அவர்களைத் தடுத்தது.

அரசுக்கு இரகசியம் வேண்டாமா என்று கேட்கலாம். சோவியத் ஒன்றியத்துடனான பனிப்போர் தொடங்கிவிட்ட காலம். எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க எந்த அரசாலும் இயலாது. வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், நன்மை விளைக்கும் பொய்க்கு ஓரிடம் அளித்தாரல்லவா என்றும் வாதிடலாம். அளித்தார், ஆனால் அந்த நன்மை குற்றத்தினின்று முற்றாக நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்ற கடும் நிபந்தனையையும் அங்கேயே விதித்தார். நமது அரசியல்வாதிகள் அவ்விடத்தை மேற்கோள் காட்டும்போது நிபந்தனையை விட்டுவிடுவது வழக்கம். பலூனை மறைத்ததால் எவருக்கோ நன்மை விளைந்திருக்கலாம். அந்நன்மைக்கான விலையைக் கொடுத்தவர் யார் என்பதே வினா. கொடுத்தவன், தன் கண்ணால் நேராகக் கண்டு, கண்டதை நேர்மையாக அறிவித்த சாட்சி.

இந்த விலை பின்னர் எவ்வாறு பெருகியது என்பதற்கு யூ-2 விமானத்தின் கதையே சான்று. 1955 இல் அமெரிக்க மத்திய உளவு நிறுவனம் இவ்விமானத்தைச் சோதிக்கத் தொடங்கியது. அக்காலத்துப் பயணிகள் விமானங்கள் பொதுவாக 10,000 அடிக்கும் 20,000 அடிக்கும் இடையே பறந்தன. யூ-2 60,000 அடிக்கு மேலே பறந்தது. மாலை வேளையில் கீழே இருள் சூழ்ந்த பின்னரும் அவ்வுயரத்தில் வெயில் இருக்கும். அதன் வெள்ளி நிறச் சிறகுகள் அவ்வொளியில் தீப்பற்றியவை போல மின்னும். பயணிகள் விமானத்தின் விமானிகள் அதனைக் கண்டு அறிவித்தனர். விமானப்படையின் ‘புளூ புக்’ விசாரணையாளர் உளவு நிறுவனத்திடம் இரகசியமாகக் கேட்டு, கண்டது யூ-2 என்பதைப் பல வேளைகளில் உறுதி செய்துகொண்டனர். ஆனால் வெளியே, பனிப் பளிங்குகள் என்றும் காற்றின் வெப்பநிலை மாற்றம் என்றும் விளக்கம் கூறினர். இதனை எழுதியவர் எதிராளி எவருமல்லர். அமெரிக்க உளவுத்துறை சார்ந்த வரலாற்றாசிரியரான ஜெரல்ட் ஹெயின்ஸ் 1997 இல் வெளியான தமது ஆய்விலே கூறியுள்ளார். அக்காலத்து அறிவிப்புகளிற் பாதிக்கு மேற்பட்டவை உளவு விமானங்களால் எழுந்தவை என்ற அவரது கணக்கை ஏற்காதவர் உளர்; எனக்கும் அது மிகையாகவே படுகின்றது. ஆனால் செயல்முறை பற்றிய ஒப்புதல் தெளிவானது.

1948 க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக. அன்று விளக்கியவன் அறியாதவன். இப்போது அவன் அறிந்தவன். முன்னே நிற்கும் விமானி சரியாகப் பார்த்திருக்கிறான் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, “உன் கண் உன்னை ஏமாற்றியது” என்கிறான். இது ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் பொய் மட்டுமன்று. கண்டவனின் அறியும் ஆற்றலையே அவனிடமிருந்து பறித்துக்கொள்வது. ஒருவனது பொருளைக் களவாடினால் அவன் இழந்தது இன்னதென அறிவான். தன் காட்சியின்மீது அவனுக்குள்ள நம்பிக்கையைக் களவாடினால், இழந்தான் என்பதே அவனுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான மணி நேரம் வானிற் பறந்த ஒருவன், நூறு பயணிகளின் உயிரைத் தன் கண்ணின்மீது ஏற்றி வைத்திருப்பவன், ‘நான் கண்டது உண்மையா’ எனத் தனக்குள்ளே குறுகுவதைக் கற்பனை செய்து பார்க்கலாம். “அதனைப் பற்றி நான் பேச இயலாது” என்று அந்த அதிகாரி சொல்லியிருந்தால் இரகசியத்துக்குச் சிறிது ஊறு நேர்ந்திருக்கும். மனிதனுக்கு ஊறு நேர்ந்திராது.

கண்டவனின் சொல்லை எவ்வாறு மதிப்பது என்பதற்கு டேவிட் ஹியூம் 1748 இல் ஓர் அளவுகோலைத் தந்தார். அற்புதம் ஒன்று நிகழ்ந்ததாக ஒருவன் சொன்னால், அவன் சொல் பிழையாவது அந்த அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தாலன்றி நம்பவேண்டியதில்லை என்பது அதன் சாரம். நல்ல தராசுதான். ஆனால் நாம் அதில் எப்போதும் ஒரு தட்டில் கண்டவனின் சொல்லை மட்டுமே வைக்கிறோம். விளக்கியவனின் சொல்லும் ஒரு சாட்சியமே என்பதை மறந்துவிடுகிறோம். அவனுக்கும் நோக்கங்கள் உண்டு, அவசரம் உண்டு, மேலதிகாரி உண்டு.

இதனைச் சொன்னதும் மறுபக்கத்தார் மகிழ்ந்து கைகொட்டக்கூடும். “பார்த்தீர்களா, அரசு மறைத்தது!” ஆம், மறைத்தது. மறைத்தது என்பதிலிருந்து வேற்றுக் கிரகவாசிகளை மறைத்தது என்ற முடிவுக்குத் தாவுவது கருதலளவையை அவமதிப்பதாகும். புகை கண்டால் நெருப்பை ஊகிக்கலாம். எந்த வீட்டு அடுப்பு என்று புகை சொல்லாது. 1947 யூலையில் நியூ மெக்சிக்கோவின் றொஸ்வெல் என்னும் ஊருக்கருகே கண்டெடுக்கப்பட்ட சிதைவுகள் பறக்கும் தட்டினுடையவை என இராணுவத் தளமே அறிவித்து, உடனடியாக அதனை மறுத்து, வானிலைப் பலூன் என்றது. அது சோவியத் அணுகுண்டுச் சோதனைகளின் ஒலியை வான்வெளியில் ஒட்டுக்கேட்பதற்காக விடப்பட்ட ‘மோகல்’ திட்டத்தின் பலூன் தொடர் என்பதை விமானப்படை தனது 1994 ஆம் ஆண்டு அறிக்கையிலே வெளியிட்டது. பலூன் என்பது உண்மை. வானிலைக்கு என்பது பொய். பாதி உண்மை நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தது. முழு உண்மை வந்து கதவைத் தட்டியபோது, அதே வாயிலிருந்து வந்ததால் பலர் கதவைத் திறக்கவில்லை. அவர்கள் செய்தது தவறு என்றே நினைக்கிறேன். மோகல் விளக்கம் சான்றுகளுக்குப் பொருந்துகிறது. ஆயினும் அவர்களை அறிவிலிகள் என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. ஆப்தன் அல்லாதவன் ஒருமுறை உண்மை சொல்கிறான் என்பதை அறிவது எங்ஙனம்? உரை தனித்து நிற்கும்போது அளவையாகும் தகுதியை இழந்துவிட்டது. ஒவ்வொருவரும் காண்டலாலும் கருதலாலும் தாமே சோதித்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலை. அத்தகைய சோதனைக்கு எல்லாருக்கும் நேரமோ பயிற்சியோ கிடையாது.

‘புளூ புக்’ விசாரணை 1969 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. 1947 முதல் திரட்டப்பட்ட அறிவிப்புகள் 12,618. அவற்றுள் விளக்கம் காணப்படாதவை 701. அன்றுமுதல் இன்றுவரை இத்துறையில் நிகழும் வாதங்களில் ஒரு பெரும் பகுதி அந்த 701 ஐப் பற்றியது. ஒரு சாரார் அதில் விண்வெளி விருந்தினரைத் தேடுகின்றனர். மறுசாரார் போதிய தகவல் இன்மையே காரணம் என்கின்றனர். என் மனம் அங்கே செல்வதில்லை. மிகுதி 11,917 இலேயே அது நிற்கின்றது. அவை விளக்கப்பட்டவை, மூடப்பட்டவை. அவற்றிற் பெரும்பாலானவை சரியாகவே விளக்கப்பட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மன்ரெலின் வழக்கை றப்பெல்ற் 1952 இல் மீண்டும் திறவாதிருந்தால், அதுவும் அவற்றோடு ஒன்றாய், வெள்ளிக் கிரகம் என்ற குறிப்புடன் அங்கே கிடந்திருக்கும்.